பாதுகாவலர் எங்கே உட்கார்ந்திருந்தார்? பழைய குடியேற்ற அலுவலகங்கள் சொல்லும் பாடம்

காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கம்பம் பக்கமெல்லாம் விடியும் முன்னே ஜீப் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் நம்ம பள்ளத்தாக்கில் ஏராளம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று கடல் தாண்டிப் போனவர்களும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு சிக்கல் வந்தால், யாரிடம் போய்ச் சொல்வது? அப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அவர் இருக்கும் இடத்துக்குத் தொழிலாளியால் போய்ச் சேர முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு அரசு எழுத்து வடிவில் பதில் தேடத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். மொரீஷியஸ் தீவிலும், இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலிலும் அப்போது அமைக்கப்பட்ட குடியேற்ற அலுவலகங்களின் கதையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அந்த அலுவலகங்களின் பெயரும் நடைமுறையும் இன்றைக்கும் நம்ம பாஸ்போர்ட் விஷயத்தில் தொடர்கின்றன.

1. அலுவலகம் ஏன் தேவைப்பட்டது?

மொரீஷியஸ் அப்போது பிரிட்டிஷ் காலனி. தீவு முழுக்கக் கரும்புத் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1835 பிப்ரவரி 1 முதல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெற்றார்கள். ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள்.

அடிமை முறை ஒழியும் முன்பே ஆள் வரத் தொடங்கியாச்சு. 1834 நவம்பர் 2-ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் போய் இறங்கினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய் சம்பளம், உணவுப் பங்கு தனி. அடுத்த நான்கு வருடங்களுக்குள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இவர்களை அனுப்பியவர்கள் தனியார் கம்பெனிகளும் ஆள்பிடிக்கும் தரகர்களும்தான். கூட்டிக்கொண்டு போகிறவர் ஒன்று சொல்வார், போய் இறங்கினால் வேறொன்றாக இருக்கும். ஏமாற்றிக் கப்பல் ஏற்றியதாகப் புகார்கள் குவிந்தன.

1837-ல் இந்திய அரசு ஒரு சட்டம் போட்டது. கப்பல் ஏறும் முன் தொழிலாளியும் தரகரும் ஓர் அரசு அதிகாரி முன் நேரில் வர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது. கப்பலில் இவ்வளவு இடம், இவ்வளவு சாப்பாடு, ஒரு மருத்துவர் என்றும் விதிகள் வந்தன. படிக்க நல்ல சட்டம்தான். ஆனால் தீவில் போய் இறங்கியவருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. எதிர்ப்பு வலுத்தது. 1839-ல் இப்படி ஆள் அனுப்புவதற்கே தடை வந்தது.

2. புறப்படும் இடத்தில் ஒருவர், இறங்கும் இடத்தில் ஒருவர்

தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? தடையை நீக்கச் சொல்லி லண்டன் வரை அழுத்தம் கொடுத்தார்கள். 1842-ல் ஒரு நிபந்தனையோடு தடை நீங்கியது. ஆள் எடுப்பது இனி தனியார் கையில் இருக்கக் கூடாது, அரசு மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை.

அதன்படி கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களில் மொரீஷியஸ் அரசின் சம்பளத்தில் குடிபெயர்வு ஏஜெண்டுகள் நியமிக்கப்பட்டார்கள். தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில் 'குடியேறுவோர் பாதுகாவலர்' என்ற பதவி உருவானது. முதலில் அதில் அமர்ந்தவர் சார்லஸ் ஆண்டர்சன். ஒரு முனையில் அனுப்புகிற அலுவலகம், மறு முனையில் பெற்றுக்கொள்கிற அலுவலகம். இரண்டு பக்கமும் ஒரே ஆளின் விவரம் எழுத்தில் இருக்கும். பின்னால் மற்ற காலனிகளிலும் இந்த அமைப்பையே பின்பற்றினார்கள்.

தடை நீங்கியதும் ஆட்கள் வெள்ளமாகப் போனார்கள். 1843 ஒரே வருடத்தில் மட்டும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் போய்ச் சேர்ந்தார்கள்.

நம்ம பக்கத்திலும் விதிகள் இறுகின. 1864, 1871, 1883 சட்டங்களில் குடிபெயர்வோர் பாதுகாவலர், உரிமம் பெற்ற தரகர் போன்ற ஏற்பாடுகள் விரிவாக எழுதப்பட்டன. துறைமுகத்துக்குக் கூட்டிப் போன பிறகு விசாரிப்பதில் பயனில்லை, ஆளை எடுக்கிற மாவட்டத்திலேயே அதிகாரி முன் நிறுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் வந்தது. காரணம் எளிது. நூறு மைல் தாண்டிச் சென்னைத் துறைமுகத்தில் வைத்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டால், திரும்பிப் போகக் காசில்லாதவர் என்ன சொல்வார்? ஊர் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் "இல்லீங்க, நான் வரலை" என்று சொல்ல வாய்ப்பு இருக்கும்.

3. போர்ட் லூயிஸில் பதினாறு படிகள்

1849-ல் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டி, ட்ரூ ஃபான்ஃபரோன் என்ற இடத்தில் குடியேற்ற டிப்போ அமைந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கடலோரத்திலிருந்து 16 கல் படிகள் ஏறி உள்ளே போக வேண்டும். வாயில் காவலர் அறை, மருத்துவமனைப் பகுதி, சமையல் கூடங்கள், கழிப்பிடங்கள், தங்கும் கொட்டகை எல்லாம் உள்ளே இருந்தன. தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பும் வரை ஓரிரு நாள் அங்கே இருப்பார்கள்.

அங்கே நடந்த முக்கிய வேலை பதிவு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனுடன் பெயர், தகப்பனார் பெயர், வயது, உயரம், சாதி, அங்க அடையாளம், ஊர், ஜில்லா, வந்த கப்பல், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் பெரிய பேரேடுகளில் எழுதப்பட்டன. 1860-களின் நடுவிலிருந்து புகைப்படமும் எடுக்கத் தொடங்கினார்கள். சாதாரண உழைப்பாளிகளை அரசு ஒவ்வொருவராகப் படம் பிடித்து வைத்த மிகப் பழைய ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

நமக்குக் கூலி என்றால் செய்த வேலைக்கான காசு. அந்தக் காலக் காலனிக் காகிதங்களிலோ வேலை செய்யும் ஆளுக்கே அது பெயராகிவிட்டது. பேரேட்டில் இருக்கும் எண்ணும் அப்படித்தான். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பெயரோடு அந்த எண்ணையும் சொல்ல வேண்டும்.

1834 தொடங்கி இந்த முறை முடிவுக்கு வரும் வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக மொரீஷியஸ் வந்தார்கள். பெரும்பாலோர் பீகார், வங்கம் பக்கத்தவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும் கணிசமான பேர்.

4. மாவட்டத்துக்கு மாவட்டம் அலுவலகம் வந்தது. யாருக்காக?

பாதுகாவலர் போர்ட் லூயிஸில் இருந்தார். தோட்டங்களோ தீவு முழுக்கப் பரவிக் கிடந்தன. தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே வந்தாலே குற்றம் என்ற நிலையில், தலைநகர் வரை நடந்து போய் யார் முறையிட முடியும்?

இந்த இடைவெளியை நிரப்ப மாவட்டந்தோறும் சம்பளம் பெறும் மாஜிஸ்திரேட்டுகள் இருந்தார்கள். முதலாளி தொழிலாளி வழக்குகளை அவர்கள் விசாரிப்பார்கள். காகிதத்தில் அது தொழிலாளிக்கு அருகிலேயே ஓர் அலுவலகம். நடைமுறையில் என்ன ஆனது? அங்கே தொழிலாளி முறையிட்டுத் தொடுத்த வழக்குகளோடு, வேலைக்கு வராமல் போனவர்மேல் முதலாளி தொடுத்த வழக்குகளும் மலை மலையாகக் குவிந்தன. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கும் 'இரட்டை வெட்டு' முறையும் நடைமுறையில் இருந்தது.

1867-ல் வந்த சட்டம் நிலைமையை இன்னும் கடுமையாக்கியது. ஐந்து வருட ஒப்பந்தம் முடித்தவர்களுக்குப் 'பழைய குடியேறிகள்' என்று பெயர். அவர்கள் சட்டப்படி சுதந்திர மனிதர்கள். ஆனால் புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றும், போலீஸ் பாஸ் ஒன்றும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். பாஸ் ஒரு மாவட்டத்துக்கு மட்டும்தான் செல்லும். பக்கத்து மாவட்டத்துக்குப் போவதென்றால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். சீட்டைத் தொலைத்தால் புதிதாக எடுக்கக் காசு கட்ட வேண்டும். கையில் காகிதம் இல்லாதவர் 'நாடோடி' என்று பிடிபட்டு அடைக்கப்படுவார்.

ஆக, பாதுகாப்பதற்கென்று தொடங்கிய எண்ணும் புகைப்படமும் பிடிப்பதற்குரிய கருவியாக மாறிவிட்டன. ஒரே காகிதம்தான். அது யார் வசதிக்காகக் கேட்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மாற்றம் எப்படி வந்தது? 1871-ல் 9,401 பழைய குடியேறிகள் சேர்ந்து ஆளுநர் ஆர்தர் கார்டனிடம் ஒரு மனுக் கொடுத்தார்கள். அதைத் திரட்ட உதவியவர் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர். முதலாளி வர்க்கத்தைச் சேர்ந்தவரே தொழிலாளர் பக்கம் நின்றதால் மற்ற தோட்டக்காரர்கள் அவர்மேல் கடும் கோபம் கொண்டார்கள். அந்த மனுவின் விளைவாக லண்டனிலிருந்து ஃப்ரீர், வில்லியம்சன் என்ற இருவர் கொண்ட அரச விசாரணைக் குழு 1872-ல் வந்தது. பாஸ் கெடுபிடிகள், போலீஸ் பிடிப்புகள், தோட்டங்களைப் பாதுகாவலர் அலுவலகம் சரியாகப் பார்வையிடாதது எல்லாம் 1875-ல் வெளியான அறிக்கையில் பதிவாயின. 1878-ல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது.

மாஜிஸ்திரேட் மாவட்டத்திலேயே இருந்தும் 9,401 பேர் ஆளுநரிடம் போக வேண்டி வந்தது. பக்கத்தில் அலுவலகம் இருந்தால் மட்டும் போதாது, அங்கே நம்ம பேச்சைக் கேட்கிற ஆளும் இருக்க வேண்டும்.

5. நேட்டால்: சென்னையில் கேட்ட புகார்

மொரீஷியஸ் தந்த பாடம் மற்ற காலனிகளுக்கு உடனே போய்ச் சேரவில்லை. 1859-ல் சட்டம் போட்டு, 1860-ல் நேட்டால் ஆள் எடுக்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16-ல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும்.

அங்கேயும் ஓர் அதிகாரி இருந்தார். 'கூலி ஏஜெண்டு' என்பதே அவர் பதவியின் பெயர். ஆட்களைத் தோட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலையில் பெரும்பகுதி. தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கும் அதிகாரமும் வசதியும் குறைவு. 1866-ல் பொருளாதார நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பது நின்றது.

உண்மை வெளியே வந்தது 1871-ல். ஒப்பந்தம் முடித்தவர்களின் முதல் கூட்டம் 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற கப்பலில் சென்னை திரும்பியது. சம்பளம் பிடித்தம் செய்தார்கள், அடித்தார்கள், நோய் வந்தால் கவனிக்கவில்லை என்று இறங்கியவர்கள் இங்கே இருந்த அதிகாரிகளிடம் சொன்னார்கள். நேட்டாலில் கேட்க ஆள் இல்லாத புகாரைக் கேட்டவர்கள் சென்னையில்தான் இருந்தார்கள். குறைகளைச் சரி செய்யாதவரை மறுபடி ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய அரசு கையை விரித்தது.

நேட்டால் அரசு உடனே 1872-ல் ஒரு விசாரணைக் குழு போட்டது. அதே வருடம் புதிய சட்டமும் வந்தது. 'கூலி ஏஜெண்டு' என்ற பெயர் போய், 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்ற பதவி வந்தது. தோட்டங்களைப் பார்வையிடும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. சட்டப்படி கசையடி கொடுப்பது நீக்கப்பட்டது. தோட்டங்களை வட்டங்களாகப் பிரித்து மருத்துவர்களை அமர்த்தும் ஏற்பாடும் தொடர்ந்தது. 1874-ல் ஆள் எடுப்பது மீண்டும் தொடங்கி 1911 வரை நடந்தது. மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

6. பாலசுந்தரத்தின் இரண்டு பற்கள்

பாதுகாவலர் வந்தாச்சு, சட்டம் வந்தாச்சு. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டதா?

1894-ல் டர்பனில் நடந்ததைப் பாருங்க. காந்தி அப்போது அங்கே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒரு தமிழர் அவர் முன் வந்து நின்றார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தத் தொழிலாளி. அடித்தவர் அவருடைய முதலாளி. காந்தியின் எழுத்தராக இருந்த இன்னொரு தமிழர்தான் அவர் சொன்னதைக் கேட்டு மொழிபெயர்த்தார்.

காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார். அடித்த முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட, அவரிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவிப்பதுதான் காந்திக்கு முக்கியமாகப் பட்டது. சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் வேலையை விட்டால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தத் தொழிலாளி விட்டால் குற்றம், சிறை. ஆகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும், அல்லது வேறு முதலாளிக்கு மாற்ற வேண்டும். இரண்டும் பாதுகாவலர் அலுவலகம் வழியாகவே நடக்க முடியும். புதிய ஐரோப்பிய முதலாளி ஒருவரைக் காந்தியே தேடிப் பிடித்த பிறகுதான் மாற்றம் நடந்தது.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதன் பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரிசையாகக் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார்கள். காந்திக்குக் கோயில் கட்டிய ஊர் காமயகவுண்டன்பட்டி. அந்தக் காந்தியிடம் ஏழைத் தொழிலாளி ஒருவர் நம்பி வந்து நின்ற ஆரம்ப நாட்களில், வந்து நின்றவர் ஒரு தமிழர் என்பதை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாதுகாவலர் அலுவலகம் இருந்தும் பாலசுந்தரம் ஏன் ஒரு வக்கீலைத் தேடிப் போக வேண்டி வந்தது? அந்த நாட்டுச் சட்டத்திலேயே ஒரு தடை இருந்தது. 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு தோட்டத்து ஆட்கள் பலர் சேர்ந்து அனுமதியில்லாமல் முறையிடக் கிளம்பினால் அவர்களுக்கு அபராதமோ சிறையோ உண்டு. முறையீடு நியாயமானது என்று தீர்ப்பானாலும் தண்டனை தண்டனைதான்! கதவைத் திறந்து வைத்துவிட்டு, அந்தக் கதவுக்கு வரும் பாதையை மூடியது போல.

7. பேரேடு இருந்த இடமும் இல்லாத இடமும்

ஆளை அடையாளம் காண எழுதிய அந்தப் பேரேடுகள் இன்று வேறு வேலை செய்கின்றன. மொரீஷியஸ் பதிவுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய டிப்போ இருந்த இடம் இன்று 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். நேட்டால் கப்பல் பட்டியல்களும் ஆய்வுக்குக் கிடைக்கின்றன. கொள்ளுத்தாத்தா பெயர், அவர் ஊர், அவர் எண் ஆகியவற்றை அவற்றில் தேடி எடுக்கிறார்கள் பேரப்பிள்ளைகள். மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கச் சிறப்பு ஏற்பாடு 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அத்தனை தலைமுறைக்கு முந்தைய உறவைக் காட்டப் பழைய பதிவு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்க.

அங்கிருந்து யாராவது உங்களிடம் சொந்தம் தேடி வந்தால் ஒரு குறிப்பு. பழைய பதிவில் 'தேனி மாவட்டம்' இருக்காது. தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான். அக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கு மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்தது. ஊர்ப் பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் ஊர் எது என்று பிடிபடும்.

பேரேடு இல்லாத இடத்தில் என்ன நடந்தது? இலங்கையைப் பாருங்க. தூரம் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் மலையகத் தோட்டங்களுக்கு ஆள் போனது பெரும்பாலும் கங்காணி மூலம். படகிலும் நடந்தும் போனார்கள். மொரீஷியஸ் போல ஒவ்வொருவருக்கும் எண், ஊர், தகப்பன் பெயர், படம் என்ற பதிவு கிடையாது. கங்காணியிடம் இருந்த கடன் கணக்கும், ஆளை விடுவிக்கத் தோட்டத்துரை தரும் 'துண்டு' என்ற சீட்டும்தான் முக்கியக் காகிதங்கள்.

1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இதன் விலை தெரிந்தது. இலங்கையில் பிறந்தவர்கூட, தன் தகப்பனார் அங்கே பிறந்தார், அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு யார் எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவானது. மீதி 1,50,000 பேர் விஷயம் 1974-ல்தான் தீர்ந்தது. தாயகம் திரும்பியோர் என்று கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களின் கதை அதன் தொடர்ச்சி. அந்தச் சட்டத்தின் நோக்கமே அவர்களை வெளியே நிறுத்துவதுதான் என்பது உண்மை. ஆனால் கையில் காகிதம் இல்லாததால், வெளியே நிறுத்துவது சுலபமாகிவிட்டது.

8. இன்று நமக்கு என்ன?

அந்தப் பழைய பதவி மறையவில்லை. 1922 சட்டத்தையும் தாண்டி, இன்று நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்திலும் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' இருக்கிறார். அவருடைய அலுவலகம் சென்னையிலும் உண்டு. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்று இருக்கும். அவர் சவுதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகப் பாதுகாவலரின் அனுமதி கட்டாயம். 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியாக இது நடக்கிறது.

• ஏஜெண்டு பதிவு பெற்றவர்தானா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு எண் சொல்லத் தயங்குகிற ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

• ஏஜெண்டு வாங்கக் கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. கொடுக்கிற காசுக்கு ரசீது வாங்குங்கள்.

• "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்றால் ஏறாதீர்கள். அப்படிப் போகிறவர் பெயர் பாதுகாவலரின் பதிவிலேயே இருக்காது.

• ஒப்பந்தத்தைப் புரிகிற மொழியில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

• 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீட்டில் விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பாலிசி நகல் வீட்டில் இருக்கட்டும்.

• பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் ஒன்று, கைபேசியில் ஒன்று இருக்க வேண்டும். அசலைப் பிடுங்கினாலும் நகல் பேசும்.

• சிக்கல் வந்தால் அந்த நாட்டு இந்தியத் தூதரகம், மத்திய அரசின் 'மதத்' இணையதளம், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் ஆகியவற்றில் குடும்பத்தாரும் முறையிடலாம். ஊரில் இருந்தபடியே மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம்.

இடுக்கி தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த அனுமதியெல்லாம் தேவையில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். இ-ஷ்ரம் பதிவு, எந்தத் தோட்டம், யார் கூட்டிப் போகிறார், தினக்கூலி எவ்வளவு என்ற விவரம் வீட்டில் ஒரு நோட்டில் இருக்கட்டும். மலைப்பாதையில் ஏதாவது நடந்துவிட்டால், யார் யார் ஜீப்பில் இருந்தார்கள் என்று தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

நினைவில் கொள்ள

1837: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற விதி
1842: இரு முனைகளிலும் அரசு அலுவலகம்
1849: போர்ட் லூயிஸ் குடியேற்ற டிப்போ
1871: மொரீஷியஸில் 9,401 பேர் மனு, நேட்டாலிலிருந்து திரும்பியோர் சென்னையில் புகார்
1872: நேட்டாலில் பாதுகாவலர் பதவி
1894: பாலசுந்தரம் வழக்கு
1983: இன்றைய குடிபெயர்வுச் சட்டம்

சிந்திக்க

1. ஆள் எடுக்கும் மாவட்டத்திலேயே பதிவு செய்வதால் தொழிலாளிக்குக் கிடைக்கும் நன்மை என்ன?
2. ஒரே புகைப்படச் சீட்டு எப்போது பாதுகாப்பு, எப்போது கெடுபிடி?
3. உங்கள் வீட்டில் வெளியூரில் வேலை செய்பவரின் ஒப்பந்தமோ முதலாளியின் முகவரியோ யார் கையில் இருக்கிறது? இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.